உடனிருப்போரும் மருந்தே

(பெரியநாயக்கன்பாளையத்தில் கூடிய குடும்பத்தார் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சமணச் சான்றோர் தமிழுக்கு அளித்த அறநூல்களுள் இரண்டு, மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. கணிமேதாவியார் இயற்றிய ஏலாதி, ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த மருந்தின் பெயரைப் பெற்றது. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம், ஐந்து வேர்களால் ஆன மருந்தின் பெயரைப் பெற்றது. உடற்பிணிக்கு மருந்து எவ்வாறோ, உள்ளப்பிணிக்கு அறம் அவ்வாறு என்பது அப்பெயர்களின் கருத்து. உடலையும் உள்ளத்தையும் ஒருசேர எண்ணிய மரபு இது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இக்கருத்தை இன்னொரு திசையில் கொண்டு செல்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் செய்தி. முதல் மூன்றையும் எவரும் எண்ணுவர். உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணியது வள்ளுவத்தின் நுட்பம். அந்த நான்காம் கூறு பெரும்பங்கு வகிக்கும் நோய் ஒன்று உண்டு. பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு மன அழுத்தத்தால் வரும் வயிற்றுத் தொல்லையே அது. இவ்வுரையின் பொருளும் அதுவே.

திங்கட்கிழமைக் காலை

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் சாலைக்குப் பள்ளிப் பேருந்து ஏழு மணிக்கு வந்துவிடும். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் ஆறரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்கிறான். “வயிறு வலிக்குதும்மா” என்கிறான். தாய் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுக்கிறார். தந்தை, “இன்னைக்குக் கணக்குப் பரீட்சையா?” என்று கேட்கிறார். பேருந்து போய்விடுகிறது. பத்து மணிக்கு வலி தணிகிறது. மாலையில் மகன் தெருவில் பந்து விளையாடுகிறான். அடுத்த வாரமும் இவ்வாறே நிகழ்கிறது.

மருத்துவரிடம் செல்கின்றனர். இரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் எதிலும் குறை காணப்படவில்லை. அறிக்கையைக் கையில் வாங்கிய தந்தை, “ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, எல்லாம் நடிப்பு” என்கிறார். அந்த ஒரு சொல்லால் பிள்ளையின் துன்பம் இரண்டாகிறது. வலி முன்பே இருந்தது. வலிக்கிறது என்று சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை என்னும் தனிமை இப்போது அதனோடு சேர்கிறது.

இது இவ்வூருக்கோ இக்காலத்துக்கோ மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஜான் ஆப்லி என்னும் குழந்தை மருத்துவர், நேயிஷ் என்பவரோடு சேர்ந்து 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, 1958-இல் அதன் முடிவை வெளியிட்டார். மூன்று மாத காலத்தில் குறைந்தது மூன்று முறை, அன்றாடச் செயல்களைத் தடுக்கும் அளவுக்கு வயிற்றுவலி கண்ட பிள்ளைகள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்பது அம்முடிவு. அத்தகைய பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு உறுப்புகளில் நோய் எதுவும் இருப்பதில்லை. ஆயினும் வலி இருந்தது.

வயிறு அறியும் அச்சம்

உறுப்பில் குறையில்லாதபோது வலி எங்கிருந்து வருகிறது? 1822-இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர் அத்துளை வழியாகச் செரிமானத்தைப் பல ஆண்டுகள் கண்ணால் கண்டு ஆராய்ந்து, 1833-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் ஒன்று, சினங்கொண்ட வேளையில் செரிமானம் கெடுகிறது என்பது. பின்னர், எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள், ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் பூனைகளின் இரைப்பை அசைவை அக்கதிர்களின் துணையால் கண்டார். பூனை கலக்கமுற்றபோது இரைப்பையின் அசைவு நின்றது. அமைதியுற்றபோது மீண்டும் தொடங்கியது.

உணவுக்குழாய் தொடங்கிப் பெருங்குடல் வரையுள்ள சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. மூளையோடு அவை இடையறாது செய்தி பரிமாறுகின்றன. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்னும் வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலிலேயே உண்டாகிறது. ஆதலால் அச்சம் தலையில் தோன்றினாலும் வயிற்றில் உணரப்படுவதில் வியப்பில்லை. ‘வயிற்றைக் கலக்குகிறது’, ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்னும் வழக்குகளில் தமிழர் இதனை என்றோ சொல்லிவைத்தனர்.

சில பிள்ளைகளுக்கு இந்நரம்புகள் மிகுந்த கூர்மை பெற்றுவிடுகின்றன. ஒலிபெருக்கியில் ஒலியளவைக் கூட்டி வைத்தால் மெல்லிய மூச்சும் இரைச்சலாகக் கேட்பது போல, குடலில் காற்று நகர்வதும் உணவு அசைவதும் அவர்களுக்கு வலியாக எட்டுகின்றன. ஸ்கேன் கருவி உறுப்பின் வடிவத்தைக் காட்டும், ஒலியளவைக் காட்டாது. எனவே ‘அறிக்கையில் ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘ஆபத்தான நோய் காணப்படவில்லை’ என்றே பொருள். ‘வலி இல்லை’ என்று அதற்குப் பொருளில்லை. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் உணர்வதே நலத்தின் முதற்படி.

முதலில் மருத்துவர்

எல்லா வயிற்றுவலிக்கும் மனமே காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறாகும். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் மருத்துவர் இருவர், எலிக்கோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிருக்கு அதில் பெரும்பங்கு உண்டு எனக் கண்டனர். 1982-இல் அந்நுண்ணுயிரை அவர்கள் வளர்த்துக் காட்டினர். 2005-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். இக்கதையின் பாடம் எளியது. முதலில் மருத்துவர் பார்க்கட்டும், மனத்தைப் பற்றிய பேச்சு பின்னர் வரட்டும்.

உடல் எடை குறைதல், வளர்ச்சி தடைப்படுதல், மலத்திலோ வாந்தியிலோ இரத்தம், பச்சை நிற வாந்தி, விடாத காய்ச்சல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விழுங்குவதில் துன்பம், நீடித்த வயிற்றுப்போக்கு, வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியில் நிலைத்து நிற்கும் வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. கொப்பூழைச் சுற்றி வரும் வலியை விட, அதிலிருந்து விலகிய இடத்தில் வரும் வலியைக் கூடுதல் கவனத்தோடு ஆராய வேண்டும் என்பது ஆப்லி தந்த வழிகாட்டல். பெண்பிள்ளைகளிடம் மாதவிடாய் நாள்களையும் தயக்கமின்றிக் கேட்டறிதல் தாயின் கடமை. மாதந்தோறும் அந்நாள்களில் மட்டும் வரும் கடும் வலிக்கு மருத்துவம் வேறு. மருந்துக்கடையில் வாங்கும் வலிநீக்கி மாத்திரைகளுள் சில இரைப்பையைப் புண்ணாக்கும். சீரகத் தண்ணீரும் பெருங்காயம் கலந்த மோரும் இதம் தரலாம், ஆனால் மருத்துவரின் இடத்தை அவை நிரப்பா.

மருத்துவர் நன்கு ஆராய்ந்து, இது செயல்பாட்டு வயிற்றுவலி என்றோ ஐ.பி.எஸ். என்றோ சொல்லிவிட்டால், மேலும் மேலும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்துதல் நன்றன்று. ஒவ்வொரு புதிய சோதனையும், ‘எனக்கு ஏதோ பெரிய நோய்’ என்னும் அச்சத்தைப் பிள்ளையின் உள்ளத்தில் வளர்க்கும். இவ்விடத்தில் மூன்று கூறுகளின் வேலை பெரும்பாலும் முடிகிறது. நான்காம் கூறின் வேலை தொடங்குகிறது.

பசித்த பதினெட்டு மணி நேரம்

பிள்ளையின் ஒரு நாளை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். காலையில் அவசரத்தில் இரண்டு வாய் இட்லி. பன்னிரண்டரை மணிக்கு டிபன் பெட்டியில் பாதி. நாலரை மணிக்குப் பள்ளி முடிந்ததும் துடியலூருக்கோ காந்திபுரத்துக்கோ டியூஷன். இல்லம் திரும்ப இரவு எட்டரை மணி. கோவையில் கதிரவன் ஆண்டு முழுதும் ஏழு மணிக்குள் மறைந்துவிடுகிறான். இராவுணவு தவிர்க்கும் இல்லத்துப் பிள்ளை நண்பகலில் உண்டது போக, மறுநாள் காலை வரை ஏறத்தாழப் பதினெட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கிறது. அல்லது டியூஷன் வாசலில் உள்ள பேக்கரியில் பப்ஸும், சாலையோர வண்டியில் காளானும் உண்டுவிட்டு, அதனை இல்லத்தில் மறைக்கிறது. முதல் வழியில் பசித்த வயிறு வலிக்கிறது. இரண்டாம் வழியில் எண்ணெயும் காரமும் ஒருபுறம் வருத்த, குற்றவுணர்வு மறுபுறம் வருத்துகிறது. அக்குற்றவுணர்வை எந்தச் சோதனையும் காட்டாது.

பிள்ளை மறைக்கத் தேவையில்லாத இல்லமே இதற்கு முதல் மருந்து. மாலை ஐந்து மணிக்கு உண்ணும்படி இன்னொரு டிபன் பெட்டி கொடுத்தனுப்பலாம். தயிர்ச்சோறு, சந்தகை, இட்லி, வாழைப்பழம் என எளிதில் செரிப்பவை போதும். டியூஷன் ஆசிரியரிடம் பதினைந்து நிமிடம் கேட்டால் மறுப்பார் அரிது. அதுவும் இயலாத நாளில் என்ன செய்வது என்பதைப் பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு, மருத்துவரின் சொல்லையும் கேட்டு, குடும்பம் ஒன்றாக முடிவு செய்தல் நன்று. அச்சத்தால் காக்கப்படும் விரதம் பிள்ளையை வயிற்றுவலியிலும் பொய்யிலும் கொண்டுபோய் நிறுத்தும். அறிந்து விரும்பி ஏற்ற விரதமே அதற்கு வலிமை தரும்.

தசலட்சண பருவம் ஆவணி, புரட்டாசித் திங்களில் வருகிறது. பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு நடைபெறும் காலமும் அதுவே. ‘அந்த வீட்டுப் பெண் பத்து நாளும் உபவாசம் இருந்தாளாம்’ என்னும் பேச்சு, வயிற்று நோயால் வருந்தும் பிள்ளையின் காதில் விழுந்தால் அது தேர்வோடு சேர்ந்த இன்னொரு தேர்வாகிவிடும். பதினாறு பாவனைகளுள் ஒன்று ‘ஆற்றலுக்கேற்ற தவம்’ என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. வளரும் உடலுக்கும் நோயுற்ற வயிற்றுக்கும் ஆற்றல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதும் பெரியோர் கடமையே.

நம்புதலும் பெரிதாக்காமையும்

உடனிருப்போர்க்கு எளிதில் கைவராத பாடம் இதுதான். ‘நடிப்பு’ என்பது ஓர் எல்லை. நாள் முழுதும் ‘இப்ப எப்படி இருக்கு? இன்னும் வலிக்குதா?’ என்று கேட்டுக்கொண்டிருப்பது மற்றோர் எல்லை. அமெரிக்காவின் லின் வாக்கர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிள்ளைகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்துச் சிறிது வயிற்றுச் சங்கடம் உண்டாக்கினர். பெற்றோருள் ஒரு சாரார், அச்சங்கடத்தைப் பற்றியே பரிவோடு கேட்டுக்கொண்டிருக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். மற்றொரு சாரார், பேச்சை வேறு இனிய பொருளுக்குத் திருப்பப் பயிற்றுவிக்கப்பட்டனர். பயிற்சி ஏதும் பெறாத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட, முதற்சாராரின் பிள்ளைகள் ஏறத்தாழ இருமடங்கு முறையிட்டனர். இரண்டாம் சாராரின் பிள்ளைகளது முறையீடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதில் வியப்பொன்றும் உண்டு. பேச்சை மாற்றினால் பிள்ளை புண்படுமோ என்று அஞ்சியவர்கள் பெற்றோரே. வலியால் வருந்தும் பிள்ளைகளோ, அவ்வாறு மாற்றியது தங்களுக்கு நலம் தந்தது என்றனர்.

ஆதலால் ஒருமுறை முழுமையாகக் கேட்பதும், நம்புவதும், பின்னர் வாழ்க்கையைத் தொடர்வதுமே முறை. “வலிக்குதுன்னு தெரியுது கண்ணு, டாக்டர் பார்த்துட்டாங்க, பயப்பட வேண்டியதில்லை. சுடுநீர்ப் பை வெச்சுக்கோ. பத்து நிமிஷத்துல கிளம்பலாம்” என்று சொல்வது போதும். இதில் நம்பிக்கையும் உண்டு, உறுதியும் உண்டு. வலி வந்த நாளில் மட்டும் பாட்டி தலை கோதுவதும், தந்தை கைப்பேசியைக் கொடுப்பதும், வலியில்லாத நாளில் ஒருவரும் பேசாதிருப்பதும் கூடாது. அன்பு வலிக்கு விலையாகக் கொடுக்கப்படுவது போல் பிள்ளைக்குத் தோன்றக்கூடாது. நலமாக இருக்கும் நாளில் தந்தை உடன் அமர்ந்து ஒரு வேளை உண்பதே பெரிய மருந்து.

பள்ளிக்கு விடுப்பு எடுப்பதும் இவ்வாறே. ஒரு நாள் தங்கினால் அன்று வலி தணியும், மறுநாள் அச்சம் இருமடங்காகும். நெடுநாள் செல்லாத பிள்ளை முதலில் அரை நாள், பின்னர் முழு நாள் எனத் திரும்பலாம். வகுப்பாசிரியரிடம் இரண்டு வேண்டுகோள்கள் போதும். வகுப்பின் நடுவில் கேட்டாலும் கழிப்பறைக்குச் செல்ல அனுமதி ஒன்று. வலி வந்தால் பத்து நிமிடம் அமைதியாக அமர இடம் மற்றொன்று. கழிப்பறைக்குச் செல்ல முடியாதோ என்னும் அச்சத்தாலேயே பல பெண்பிள்ளைகள் நாள் முழுதும் தண்ணீர் அருந்துவதில்லை. அதனால் மலச்சிக்கலும், அதனால் மீண்டும் வலியும் வருகின்றன.

வலிக்குப் பின்னால் இருப்பதைக் கேட்பதற்கும் காலம் உண்டு. வலிக்கும்போது அதனைக் கேட்டால் விசாரணையாகத் தோன்றும். இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து வரும்போதோ, மாலையில் இருவரும் நடந்து வரும்போதோ கேட்டால் பிள்ளை தானே பேசும். கணக்குப் பாடமாக இருக்கலாம், கேலி செய்யும் மாணவனாக இருக்கலாம், இல்லத்தில் இரவில் கேட்கும் கடன் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம்.

உடலும் மூச்சும் உறக்கமும்

பெரியநாயக்கன்பாளையத்தில் தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் நிலைபெற்றுள்ளது. அதன் வளாகத்தில் உடற்கல்விக்கென ஒரு கல்லூரியே உண்டு. ஏட்டுக்கல்வியோடு உடலையும் வளர்க்க வேண்டும் என்னும் எண்ணம் இவ்வூருக்குப் புதிதன்று. ஆயினும் பத்தாம் வகுப்பு தொடங்கியதும் பல இல்லங்களில் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுத்தான். நாள்தோறும் அரை மணி நேர ஓட்டமோ விளையாட்டோ குடலின் இயக்கத்தைச் சீராக்கும், மனத்தின் இறுக்கத்தையும் தளர்த்தும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்க்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. தேர்வுக்காக உறக்கத்தைப் பறிப்பது, விளக்கில் எண்ணெயை வடித்துவிட்டுத் திரியைத் தூண்டுவது போன்றது.

பெரியோர் சாமாயிகத்தில் 48 நிமிடம் அமர்கின்றனர். பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். வயிறு எழுந்து தாழுமாறு மூச்சை மெல்ல இழுத்து, இழுத்த நேரத்தினும் நீண்ட நேரம் வெளிவிட்டால் இதயத்துடிப்பு தணியும், குடலுக்கும் அமைதி செல்லும். வலி வந்த பின் தொடங்குவதினும், வலியில்லாத நாள்களில் பழகி வைப்பது பயன் தரும். பேரனோடு தாத்தாவும் அமர்ந்தால் அது பயிற்சியாகத் தோன்றாது, பழக்கமாகிவிடும்.

இவற்றுக்கும் மேல் உதவி தேவைப்பட்டால் மனநல வல்லுநரை நாடுவதில் தாழ்வு ஏதுமில்லை. அமெரிக்காவில் 200 பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் பங்கேற்ற ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. வலியை எதிர்கொள்ளும் முறையைப் பிள்ளைக்கும், வலிக்கு எதிர்வினையாற்றும் முறையைப் பெற்றோர்க்கும் மூன்றே அமர்வுகளில் கற்பித்தனர். வலி குறைந்ததை அவ்வாய்வு காட்டியது. இங்கு, 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். ‘வாழவே பிடிக்கவில்லை’ என்பது போன்ற சொல் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், அதனைக் கோபத்தில் சொன்னதென்று ஒதுக்காமல் அன்றே உதவி நாட வேண்டும்.

மேடைக்கு ஒரு வேண்டுகோள்

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. உறவினர் கூடும் இடங்களில் அப்பட்டியல் இன்னும் கைவிடப்படவில்லை. திருமணப் பந்தியிலும் கோயில் விழாவிலும் பிள்ளையைக் கண்டதும் பெரியோர் கேட்கும் முதற்கேள்வி, “எவ்வளவு மார்க்?” என்பதே. ஓர் உயிரையும் துன்புறுத்தலாகாது என்று ஈரெறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர்கள், தம் சொல் ஒரு பிள்ளையின் வயிற்றைப் போய்த் தாக்குவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். “சாப்பிட்டியா? இப்ப என்ன விளையாடுறே?” என்றும் கேட்கலாம்.

விழா மேடைகளில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசளிப்பது நல்ல மரபு. அதனோடு, பாட்டியின் கண்ணாகவும் கையாகவும் இருக்கும் பேத்திக்கும், நோயோடு போராடிப் பள்ளிக்குத் திரும்பிய மாணவனுக்கும் ஒரு பரிசு சேர்த்தால் அம்மேடை இன்னும் உயரும்.

பெற்றோர்களே! நாளைக் காலை ஆறரை மணிக்கு ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமரக்கூடும். அப்போது மருத்துவரும் அருகில் இரார், மருந்தும் உடனே பயன் தராது. நான்காம் கூறாகிய தாயும் தந்தையும் மட்டுமே அருகில் இருப்பர். அவர்கள் நம்பினால் பிள்ளையின் தனிமை நீங்கும். அவர்கள் அஞ்சாதிருந்தால் பிள்ளையின் அச்சமும் தணியும். அதன்பின் பேருந்து வரும்வரை காத்திருக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வங்களே! வலிக்கிறது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நம்பும் ஒருவர் கிடைக்கும்வரை சொல்லுங்கள்.

எல்லா உயிரும் நலம் பெறுக. அறம் வளர்க.